மல்லனை ஆக்கிய ஆசான்

(கெடா மாநிலம் கரங்கானில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தகவல் துறையினர் வந்தால் சேமநிதியைப் பற்றியோ, பிள்ளைகளின் பள்ளிப் பதிவைப் பற்றியோ, கொசு ஒழிப்பைப் பற்றியோ பேசுவார்கள் என்பது உங்கள் எதிர்பார்ப்பு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது மற்போரைப் பற்றி. ஒரு பெரிய மல்லரையும், அவரைவிடக் குறைவாக அறியப்பட்ட அவருடைய ஆசானையும் நினைவுகூர விரும்புகிறோம். இப்பேச்சுக்கும் தோட்ட வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. அது எத்தகையது என்பது போகப் போக விளங்கும்.

மற்போர் தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 80, 81, 82 ஆகிய மூன்று பாட்டுகளும் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழர்குல இளவலைப் பற்றியவை. பாடியவர் சாத்தந்தையார். ஆமூர் மல்லன் என்பவனோடு பொருது அவனைக் கிள்ளி வீழ்த்திய செய்தியை அவற்றில் 80ஆம் பாட்டு கூறுகிறது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது சிறப்புப் பெயர். கடற்கரைக் கோயிலால் உலகெங்கும் அறியப்பட்ட மாமல்லபுரம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. வென்ற மல்லனைப் பாட்டிலும் கல்லிலும் போற்றிய மரபு நம்முடையது. ஆனால், அந்த மல்லனுக்கு முதற்பிடியைக் கற்றுக் கொடுத்தவன் யார் என்று பாட்டும் சொல்லவில்லை, கல்லும் சொல்லவில்லை. இந்தக் குறையே இன்றைய பேச்சுக்கு அடிப்படை.

தாரா சிங் என்னும் பெயரை அறியாத மூத்தவர் இந்த அவையில் இருக்க மாட்டார். ஒருவன் தன் பலத்தைப் பற்றிப் பெருமை பேசினால், "நீ என்ன பெரிய தாரா சிங்கா?" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது. 1987இல் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றியவரும் அவரே. அவர் பிறந்தது இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்து அமிர்தசரசு மாவட்டத்தில், தர்மூசக் என்னும் சிற்றூரில். ஆண்டு 1928. உழவர் குடும்பம். பஞ்சாபின் வயல்வெளியில் வளர்ந்த அந்த இளைஞர் மற்போரை முறையாகப் பயின்றது எங்கே தெரியுமா? நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில்.

1947ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் திரும்பி வந்தவர் சிலர், திரும்பாதவர் பல்லாயிரவர். அவர்களை இழந்த துயரம் தோட்டத்து லயங்களில் ஆறாதிருந்த காலம் அது. இந்தியாவில் விடுதலையும் பிரிவினையும் ஒருங்கே வந்தன; பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. அந்த ஆண்டில்தான் தாரா சிங் கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 19 வயது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பஞ்சாபியர் காவல்துறையினராகவும், மாட்டுவண்டி ஓட்டுநர்களாகவும், 'ஜாகா' என நாம் அழைத்த காவற்காரர்களாகவும் உழைத்து வந்தனர். தாரா சிங்குக்கு டிரம் எனப்படும் பீப்பாய்கள் செய்யும் ஆலையில் வேலை கிடைத்தது. பிழைப்புத் தேடி வந்த இடத்தில் உடல் உழைப்பை விற்று வாழ்ந்த தொழிலாளி அவர். நம் பாட்டன்மார் எப்படி வந்தார்களோ, அவரும் அப்படித்தான் வந்தார்.

சிங்கப்பூரில் அக்காலத்தில் நியூ வோர்ல்டு, கிரேட் வோர்ல்டு, ஹேப்பி வோர்ல்டு என மூன்று கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. பகலெல்லாம் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் மாலையில் அங்கே கூடுவர். நாடகம், படக்காட்சி, ஆட்டம் பாட்டம் ஆகியவற்றோடு குத்துச்சண்டையும் மற்போரும் நடைபெறும். 1931இல் திறக்கப்பட்ட கிரேட் வோர்ல்டு பூங்கா இருந்த இடத்தில் இன்று அதே பெயரில் பேரங்காடி நிற்கிறது. அங்கே பொருள் வாங்கச் செல்வோர் எத்தனை பேருக்கு அவ்விடத்தின் பழங்கதை தெரியும்? அப்பூங்காவின் அரங்கில்தான் ஹர்ணாம் சிங் என்னும் ஆசானிடம் ஆலைத் தொழிலாளியாகிய தாரா சிங் மற்போர் பயின்றார்.

தாரா சிங் 2012 சூலை 12ஆம் நாள் மும்பையில் மறைந்தபோது பல நாட்டு ஏடுகள் அவருடைய வரலாற்றை எழுதின. சிங்கப்பூர்ப் பகுதிக்கு வரும்போது, "அங்கே ஹர்ணாம் சிங்கிடம் பயிற்சி பெற்றார்" என்று ஒரே வரியோடு அவை மேலே சென்றன. மாணவருக்குப் பக்கங்கள், ஆசானுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை நாம் சற்று விரித்துக் காண்போம்.

மற்போர்ப் பயிற்சி என்றால் என்ன? வட இந்தியாவில் அக்காரா எனப்படும் களரியில் மண்ணைக் கிளறிப் பண்படுத்தி, மஞ்சளும் எண்ணெயும் மோரும் கலந்து மென்மையாக்குவர். அந்த மண்ணில்தான் பயில்வான்கள் புரளுவர். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றுதல் ஆகியவை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் நடைபெறும். கயிறுகட்டிய மேடையில் நடக்கும் தொழில்முறை மற்போரோ வேறு வகையானது. அங்கே மென்மண் இல்லை. பலகையின்மேல் மெத்தென்று எதையோ பரப்பி, அதன்மேல் தடித்த துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். விழுந்தால் வலிக்கும், தவறி விழுந்தால் கழுத்தெலும்பு முறியும்.

ஆகவே நல்ல ஆசான் மாணவனுக்கு முதலில் கற்பிப்பது அடிப்பதையன்று, விழுவதை. மோவாயை மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்தலை தரையில் மோதக்கூடாது. விழும் பாரம் ஓரிடத்தில் இறங்காமல் தோள்களிலும் மேல்முதுகிலும் பரவ வேண்டும். கைகளை விரித்துத் தரையில் அறைந்து அதிர்ச்சியைச் சிதறச் செய்ய வேண்டும். மூச்சை அடக்கிக்கொள்ளாமல் வெளியே விட வேண்டும். இதனை ஒரு நாள் சொல்லிக் கொடுத்து முடித்துவிட முடியாது. நூறு முறை விழுந்தால்தான் உடம்பு தானாகவே கற்றுக்கொள்ளும். அந்த நூறு முறையும் அருகில் நின்று பார்த்து, தொண்ணூற்றொன்பதாவது முறையிலும் பிழையைத் திருத்துபவரே ஆசான்.

விழக் கற்ற பின்னரே பிடிக்கக் கற்பிப்பர். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. எதிராளியின் கையை முறுக்கும்போது எந்த அளவில் நிறுத்தினால் அவன் பணிவான், எந்த அளவைத் தாண்டினால் எலும்பு உடையும் என்பதை ஆசான் கற்பிக்க வேண்டும். எதிராளியும் நம்மைப் போன்ற தொழிலாளிதான். நாளைக்கு அவனும் உழைத்துச் சாப்பிட வேண்டும். தொழில்முறை மற்போரில் நடிப்பும் கலந்திருக்கிறது என்று சிலர் குறை கூறுவதுண்டு. காட்சிக்காகச் செய்யப்படும் செயல்கள் அதில் இருப்பது உண்மையே. ஆயினும், இருநூறு கிலோ எடையுள்ள மனிதர் ஒருவர் மேலே விழும்போது அதனைத் தாங்கி எழுவதற்கு நடிப்பு மட்டும் போதாது. உடற்பயிற்சியும், தன் உடம்பை எதிராளியின் கையில் நம்பி ஒப்படைக்கும் துணிவும் வேண்டும். அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவனாக இளைஞனை ஆக்குவதே ஆசானின் வேலை.

இருநூறு கிலோ என்றது வெறும் உவமைக்காகவன்று. அக்காலத்தில் சிங்கப்பூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தவர் 'கிங் காங்' எனப்பட்ட எமில் சாயா. 1909இல் அன்றைய அங்கேரி நாட்டிற் பிறந்த அவர் ஏறத்தாழ அத்தகைய எடையுடையவர். தாரா சிங்கைவிட 19 ஆண்டுகள் மூத்தவர். சிங்கப்பூர், மலாயா, இந்தியா என ஊர் ஊராக மக்களை ஈர்த்த அந்த மலைபோன்ற மனிதரைத் தாரா சிங் தலைக்குமேல் தூக்கிய காட்சி, அக்கால மற்போர் அன்பர்கள் பேரப் பிள்ளைகளிடம் சொல்லி மகிழ்ந்த செய்தி. கிங் காங் 1970இல் சிங்கப்பூரிலேயே மறைந்தார்.

சிங்கப்பூரில் பயின்ற தாரா சிங், கோலாலம்பூரில் தர்லோக் சிங் என்பவரை வென்று மலாயாவின் வெற்றி வீரரானார். பின்னர் இந்தியா திரும்பி, 1954இல் இந்திய வீரர் பட்டத்தைப் பெற்றார். 1959இல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியன்கோவை வென்று காமன்வெல்த் வீரரானார். 1968 மே 29ஆம் நாள் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ் என்பவரையும் வென்றார். 1983இல் மற்போரிலிருந்து ஓய்வு பெற்றார். 2003 முதல் 2009 வரை இந்திய நாடாளுமன்ற மேலவையின் நியமன உறுப்பினராக விளங்கினார். அவருடைய தம்பி ரந்தாவாவும் அண்ணனைப் பின்பற்றி மல்லரானார். பீப்பாய் ஆலையில் தொடங்கிய பயணம் நாடாளுமன்றம் வரை சென்றது.

அந்த ஏணியின் அடிப்படியில் நின்றவர் ஹர்ணாம் சிங். ஆலையிலிருந்து வேலை முடிந்து வந்த ஊர்பேர் தெரியாத இளைஞனைப் பார்த்து, "உனக்கு எதற்கடா இதெல்லாம்?" என்று அவர் விரட்டியிருந்தால், நாம் தாரா சிங் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டோம்.

இது பஞ்சாபியர்க்கு மட்டும் நேர்ந்த கதை என்று எண்ண வேண்டா. தோட்டத்து மக்களாகிய உங்கள் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமான வரலாறு ஒன்று உண்டு. 1957இல் சப்பானியக் குடும்பம் ஒன்று வறுமை காரணமாகப் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தது. கப்பற் பயணத்திலேயே பாட்டனார் இறந்தார். 14 வயதுச் சிறுவன் காப்பித் தோட்டத்தில் உழைக்கலானான். குண்டு எறிதலிலும் வட்டு எறிதலிலும் அவன் சிறந்து விளங்கினான். 1960இல் பிரேசிலுக்குச் சென்றிருந்த சப்பானின் புகழ்பெற்ற மல்லர் ரிக்கிடோசான் அவனைக் கண்டெடுத்துத் தம்மோடு அழைத்துச் சென்றார். ரிக்கிடோசானும் கொரியாவிற் பிறந்து சப்பானுக்குப் பிழைக்க வந்தவரே. அவர் கடுமையான ஆசான்; கனிவைவிடக் கண்டிப்பே மிகுதி. அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாணவன் முதன்முறையாக மேடையேறினான், தோற்றான். மூன்றே ஆண்டுகளில், 1963 டிசம்பரில், கத்தியாற் குத்தப்பட்ட ரிக்கிடோசான் உயிர் நீத்தார். ஆனால் அவர் விதைத்தது வீண்போகவில்லை. அந்தக் காப்பித் தோட்டத்துச் சிறுவன்தான் அந்தோனியோ இனோக்கி. 1975 சூலையில் நம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் சோ பக்னருடன் மோதினாரே முகமது அலி, அவருடன் மறு ஆண்டே தோக்கியோவில் 15 சுற்றுகள் பொருது சமநிலை கண்டவர் அந்த இனோக்கி.

நம் நாட்டிலும் இம்மரபு இன்று தொடர்கிறது. மலேசியா புரோ ரெஸ்லிங் என்னும் அமைப்பில் ஆயேஸ் ஷௌகத் பொன்சேகா என்பவர் இளையோரைப் பயிற்றுகிறார். அவரிடம் பயின்ற நோர் டயானா என்னும் பெண், தலைக்கு முக்காடு அணிந்தவாறே மேடையேறி, 2019 சூலையில் ஆண் மல்லர்கள் நால்வரை வென்று வெற்றிப் பட்டத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 19. உருவத்திற் சிறிய, கூச்ச இயல்புடைய பெண்ணாக வந்தவரை, "இது உனக்கு ஏற்றதன்று" என்று சொல்லாமல் சேர்த்துக்கொண்ட ஆசானையும் நாம் பாராட்ட வேண்டும்.

பெரியோர்களே! இனி நம் தோட்டத்துக்கு வருவோம். ஆசான் என்றால் அரங்கத்தில் நிற்பவர் மட்டுந்தானா? நீங்கள் பால்வெட்டக் கற்ற நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் இருட்டில் தலைவிளக்குடன் யாரோ ஒரு மூத்தவர் உங்களை முதல் மரத்தின் முன் நிறுத்தியிருப்பார். தாயாராக இருக்கலாம், அண்டை வீட்டு அக்காளாக இருக்கலாம். கத்தியைப் பிடிக்கும் முறை, வெட்டு இடமேலிருந்து வலக்கீழாகச் சரியும் அளவு, பட்டையைச் சீவும் ஆழம் ஆகியவற்றை அவரே காட்டியிருப்பார். ஆழம் குறைந்தால் பால் வராது; மிகுந்தால் மரத்தின் உயிர்த்தோலில் காயம் படும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அடுத்த சுற்றில் அங்கே வெட்டுபவர் அவதிப்படுவார். எதிராளியின் எலும்பை முறிக்காமல் பிடிப்பதும், மரத்தின் உயிர்த்தோலைத் தொடாமல் வெட்டுவதும் ஒரே வகைக் கல்வி அல்லவா? பலம் எல்லார்க்கும் உண்டு. அளவறிந்து நிறுத்துவதே கல்வி. அதனைப் புத்தகம் கற்பிக்காது. அருகில் நிற்கும் ஒரு மனிதர்தாம் கற்பிக்க முடியும்.

அப்படி அருகில் நிற்பவர் இல்லாதபோது என்ன நேருகிறது? இதனை மறைக்காமல் பேசுவது நம் கடமை. பல தோட்டங்களில் இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. குடும்பங்கள் கூலிமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் அப்பாலுள்ள நகர்களுக்கும் பெயர்ந்தன. லயத்தில் ஒருவர் பிள்ளையை எல்லாரும் கண்டித்து வளர்த்த காலம் மாறிற்று. பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்கு உடம்பில் பலம் பொங்குகிறது. அந்தப் பலத்துக்கு ஒரு வேலையும் ஓர் ஆசானும் வேண்டும். நல்ல ஆசான் கிடைக்காத இடத்தில் கெட்ட ஆசான் வந்து சேருகிறான். குண்டர் கும்பலும் ஆள் சேர்க்கிறது; அதுவும் "அண்ணன்" என்று ஒருவரைக் காட்டுகிறது; அதுவும் பையனின் தோளில் கைபோட்டு "நீ பலசாலி" என்கிறது. நல்ல ஆசானுக்கும் அவனுக்கும் வேறுபாடு யாதெனில், ஒருவர் பையனுக்கு விழுந்து எழக் கற்பிக்கிறார். மற்றவன் வீழ்த்தவும் வெட்டவும் மட்டுமே கற்பித்து, பையன் விழுந்த நாளில் காணாமற்போகிறான்.

சிலம்பம் அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். சடுகுடு ஆடியவர்கள், காற்பந்தில் தோட்டத்துக்குக் கிண்ணம் வாங்கித் தந்தவர்கள், உறுமியும் தப்பும் வாசிப்பவர்கள், தச்சு வேலையும் இயந்திரப் பழுதும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே கேட்கிறார்கள்?" என்று அவர்கள் சலித்துக்கொள்வதை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். அச்சலிப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நூறு பிள்ளைகளைத் திருத்துமாறு உங்களை யாரும் கேட்கவில்லை. ஹர்ணாம் சிங் என்ற பெயரை உலகம் நினைவிற்கொள்ள ஒரு மாணவர் போதுமாயிருந்தார். நீங்களும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் சாதிக்காரராகவோ உறவினராகவோ இருக்க வேண்டும் என்பதுமில்லை. பெண் பிள்ளையாக இருந்தாலும் தயங்க வேண்டா.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். தாரா சிங் ஆலை வேலையை இழிவாக எண்ணி ஒதுக்கிவிட்டு மற்போருக்குப் போகவில்லை. வயிற்றுக்கு வேலை, வளர்ச்சிக்குப் பயிற்சி என இரண்டையும் சேர்த்துச் செய்தார். இனோக்கி தம் முதற்போட்டியில் தோற்றார். ஆசானின் கண்டிப்புக்கு அஞ்சி ஓடிவிடவில்லை. கண்டிப்பும் கொடுமையும் ஒன்றல்ல என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். உங்கள் உடம்பைக் காப்பாற்றக் கண்டிப்பவர் ஆசான். உங்கள் உடம்பைத் தம் இலாபத்துக்குப் பயன்படுத்துபவர் ஆசானல்லர். இந்த வேறுபாட்டைக் கண்டறியத் தெரியாவிட்டால் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேளுங்கள்.

பெற்றோர்களே! களைத்து வந்த பிள்ளை மாலையில் திடலுக்குப் போனால், "கூலிக்காரன் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். அக்கேள்வியை அன்று தாரா சிங்கிடமும் பலர் கேட்டிருக்கக்கூடும். யாரிடம் பழகுகிறான், என்ன கற்கிறான் என்று மட்டும் கேளுங்கள். அந்த ஆசானை ஒரு முறையேனும் நேரிற் சென்று பாருங்கள். ஒரு குவளைத் தேநீர் கொடுத்து நன்றி சொல்லுங்கள். அவருக்குச் சம்பளம் இல்லை, பட்டம் இல்லை, நம் நன்றி ஒன்றே அவர் பெறும் கிண்ணம்.

2018இல் அமெரிக்காவின் மிகப்பெரிய மற்போர் நிறுவனம் தாரா சிங்கின் பெயரைத் தன் புகழ்வரிசையிற் சேர்த்துப் போற்றியது. அந்தப் பெயரோடு ஆசானின் பெயரும் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்தே நிற்கிறது என்று நாம் கருதுகிறோம். மாணவர் தோளை மண்படாமல் காத்த ஒவ்வொரு போட்டியிலும், ஆசான் கற்பித்த பாடம் அவர் உடம்பில் உயிரோடிருந்தது. உங்கள் தோட்டத்திலும் உங்களுக்குப் பின் ஒருவர் அளவறிந்து வெட்டினால், அளவறிந்து பேசினால், பலமிருந்தும் கையை அடக்கினால், அங்கே நீங்கள் வாழ்ந்துகொண்டிருப்பீர்கள்.